ஒரே காலத்தில் மூப்படைந்த மரங்கள்: மெல்பர்ன் மறுநடவு, ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஜனவரி 28, 29, 30 ஆகிய மூன்று நாட்களும் மெல்பர்ன் நகரத்தில் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மூன்றாம் நாள் 45.1. அந்த வெப்ப அலையின்போது விக்டோரியா மாநிலத்தில் வழக்கத்தைவிட 374 பேர் அதிகமாக இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. பெரும்பாலும் வயதானவர்கள். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 7 அன்று, வெப்பம் 46.4 டிகிரிக்குப் போனது. அன்று மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் மாண்டார்கள். அந்த நாளை ஆஸ்திரேலியர்கள் ‘கறுப்புச் சனிக்கிழமை’ என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான உயிர்களைக் கொண்டுபோன வெப்ப அலைக்கு அப்படி ஒரு பெயர்கூட இல்லை. வீடுகளுக்குள் சத்தமில்லாமல் போன உயிர்கள் அவை.

அதே நாட்களில் நகரத்தின் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் பெரிய மரங்கள் கருகிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக நீடித்த மழைப் பஞ்சத்தால் ஏற்கெனவே மெலிந்துபோன மரங்கள். கோடை முடியும் முன்பே இலை உதிர்ந்தது, உச்சிக் கிளைகள் பட்டுப்போயின. வெயிலில் மனிதர் சாவதும் நிழல் தரும் மரம் சாவதும் ஒரே கோடையில் கண்முன் நடந்தன. இரண்டும் ஒரே பிரச்சினை என்று மெல்பர்ன் மாநகராட்சி புரிந்துகொண்டது அங்கிருந்துதான்.

அதன்பின் அந்த மாநகராட்சி செய்ததைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். உலகில் மரம் நட்ட நகரங்கள் ஏராளம். இந்த நகரத்தை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மரநடவு என்றாலே எத்தனை கன்று நட்டோம் என்பதுதான் எங்கும் முதல் கேள்வி. மெல்பர்ன் முதலில் கேட்டது வேறு: இப்போது நிற்கும் மரங்களில் எவை எப்போது சாகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் மற்ற எல்லா முடிவுகளும் வந்தன.

நகரமும் அதன் மரங்களும்

முதலில் ஒரு தெளிவு. ஐம்பது லட்சம் பேர் வாழும் மெல்பர்ன் பெருநகரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருக்கின்றன. ‘மெல்பர்ன் மாநகராட்சி’ என்பது அவற்றில் ஒன்று. நகர மையத்தையும் அதை ஒட்டிய கார்ல்டன், நார்த் மெல்பர்ன், ஈஸ்ட் மெல்பர்ன், சவுத்பேங்க் போன்ற பகுதிகளையும் கொண்டது. பரப்பளவு 38 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சாலைகளிலும் பூங்காக்களிலும் மாநகராட்சி பராமரிக்கும் மரங்கள் ஏறத்தாழ 70,000.

நிலம் வுருஞ்செரி, பூனுரொங் தொல்குடிகளுடையது. 1830களில் ஐரோப்பியர் குடியேறி, 1837இல் நேர்கோட்டுத் தெருக்களாக நகரத்தை அளந்து வகுத்தார்கள். நகரத்தைச் சுற்றிப் பெரிய நிலங்களைப் பூங்காக்களுக்கென ஒதுக்கி வைத்த நல்ல காரியம் தொடக்கத்திலேயே நடந்தது. ஃபிட்ஸ்ராய் தோட்டம், கார்ல்டன் தோட்டம், ராயல் பார்க் எல்லாம் அப்படி வந்தவைதான். அவற்றில் குடியேறிகள் தங்கள் ஊர் நினைவில் எல்ம், ஓக், பிளேன் என்று ஐரோப்பிய மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். ராயல் பரேட் சாலையின் இருபக்கமும் நிற்கும் எல்ம் மரங்களின் கீழே நடந்தால் கோடையில் வானம் தெரியாது. நம் ஊர் ஆயா மரமும் எல்ம் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் மெல்பர்ன் எல்ம்களின் விரிவும் கவிவும் தனி.

இந்த எல்ம்களுக்கு உலக முக்கியத்துவம் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் ‘டச்சு எல்ம் நோய்’ என்ற பூஞ்சை நோய் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்தது. பட்டைக்குள் துளைக்கும் வண்டு அதைச் சுமந்து பரப்பியது. பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேல் போயின. ஆஸ்திரேலியாவுக்கு அந்த நோய் இதுவரை வரவில்லை. கடலும் கடுமையான தாவரத் தனிமைப்படுத்தல் சட்டங்களும் காத்தன. ஆகவே ஐரோப்பாவில் இன்று அரிதாகிவிட்ட முதிர்ந்த எல்ம் சாலைகளைப் பார்க்க மெல்பர்ன் நல்ல இடம்.

ஆனால் அந்த அழகுக்குள்ளேயே ஒரு ஆபத்து இருந்தது. ஒரே தலைமுறையில், ஒருசில வகைகளாக, வரிசையாக நடப்பட்ட மரங்கள். ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த ஊழியர்கள் ஒரே ஆண்டில் ஓய்வு பெறுவதுபோல அவை எல்லாம் சேர்ந்து முதுமைக்கு வந்து நின்றன. நூறு ஆண்டுகளாக யாரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. தேவை வந்தபோது பஞ்சமும் கூடவே வந்தது.

பஞ்சம் செய்த வேலை

1997 வாக்கில் தொடங்கி 2009 வரை நீடித்த அந்த வறட்சியை அங்கே ‘ஆயிரமாண்டுத் திருப்பத்தின் வறட்சி’ என்கிறார்கள். மெல்பர்னின் ஆண்டு மழையே சராசரியாக 650 மில்லிமீட்டர்தான், சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. அது ஆண்டாண்டாகக் குறைந்தபோது அணைகள் வற்றின. 2007இல் நீர்ப்பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாயின. புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சுவது நின்றது.

குடிநீரைப் புல்லுக்கு விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவை அப்போது யாரும் சரியாக எடைபோடவில்லை. பூங்கா மரங்கள் பல பத்தாண்டுகளாக அந்தப் புல்வெளித் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்திருந்தன. மேலே தெளிக்கும் நீர் மேல்மண்ணோடு நின்றுவிடும், அதனால் வேரும் மேலேயே பரவியிருந்தது. தண்ணீர் நின்றதும் முதலில் காய்ந்தது அந்த மேல்மண்தான். சாலையோர மரங்களின் நிலை இன்னும் மோசம். சுற்றிலும் தாரும் கல்லும் மூடியிருக்க, பெய்யும் கொஞ்ச மழையும் அரை நிமிடத்தில் வடிகாலுக்குப் போய்விடும்.

மாநகராட்சி சும்மா இருக்கவில்லை. மரத்தடியில் மூடாக்குப் போட்டார்கள், சொட்டுநீர்க் குழாய்களைப் பதித்தார்கள். மறுசுழற்சி செய்த நீரை லாரியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். பல மரங்கள் பிழைத்தன. ஆனாலும் பிழைத்த மரம் பழைய மரமாக இருப்பதில்லை. வறட்சியில் வலுவிழந்த மரத்தைப் பூச்சியும் நோயும் எளிதாகப் பிடிக்கும். 1989இல் விக்டோரியாவுக்குள் நுழைந்த எல்ம் இலை வண்டு ஏற்கெனவே இலைகளைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்தது.

2010இல் மழை திரும்பி வந்தது. பல நகரங்கள் அதோடு மறந்திருக்கும்.

யாருக்கு எவ்வளவு ஆயுள்

மறக்காமல் இருந்ததற்கு இயன் ஷியர்ஸ் தலைமையில் மாநகராட்சியின் மரப்பிரிவில் இருந்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் போய்ப் பார்த்து, அதன் வகை, அளவு, உடல்நிலை இவற்றோடு ‘பயனுள்ள ஆயுள்’ என்ற ஒன்றையும் மதிப்பிட்டார்கள். இந்த மரம் இந்த இடத்தில் இன்னும் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாகவும் பயனோடும் நிற்கும் என்பதே அது. முடிவு அதிர்ச்சியளித்தது. அடுத்த 10 ஆண்டுகளில் 23 சதவீத மரங்களும், 20 ஆண்டுகளில் 39 சதவீத மரங்களும் ஆயுளின் முடிவுக்கு வந்துவிடும். 70,000 மரங்களில் 39 சதவீதம் என்றால் ஏறத்தாழ 27,000.

இதைக் கோப்புக்குள் வைத்துப் பூட்டியிருக்கலாம். மாநகராட்சி அதை வரைபடமாக்கி இணையத்தில் போட்டது. எந்தத் தெருவில் எந்த மரம், என்ன வகை, இன்னும் எவ்வளவு ஆயுள் என்று ஒவ்வொரு மரமும் ஒரு வண்ணப்புள்ளியாக. குடியிருப்பவர் தன் வாசலில் நிற்கும் மரத்தைத் தேடிப் பார்த்து, அது பத்து ஆண்டுகூடத் தாங்காது என்று தெரிந்துகொள்ள முடிந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இந்த ஒரு செயல்தான். மரம் விழுந்தபின் கோபப்படும் மக்களிடம் விளக்கம் சொல்வது ஒன்று. விழப்போவதை முன்கூட்டிச் சொல்லி, அதற்குப்பின் என்ன நடலாம் என்று அவர்களையே கேட்பது வேறு. மாநகராட்சிப் பகுதியைப் பத்து வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குடியிருப்போரைக் கூட்டி அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். தெருவாரியாக எந்த ஆண்டில் நடவு என்ற அட்டவணை வரை அந்தக் கூட்டங்களிலிருந்து வந்தது.

2012: நகர வனத் திட்டம்

2012இல் வெளியான திட்டத்தின் பெயரிலேயே ஒரு பார்வை மாற்றம் இருந்தது. தெருவில் நிற்கும் மரம், பூங்காவில் நிற்கும் மரம், வீட்டுத் தோட்டத்து மரம் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வனமாகப் பார்த்தது. அதன் இலக்குகளில் முதலாவது நிழல். மேலிருந்து பார்த்தால் நிலத்தில் எவ்வளவு பகுதி மரத்தலைகளால் மூடப்பட்டிருக்கிறது என்பதே அளவுகோல். 2012இல் பொது இடங்களில் அது 22 சதவீதம். 2040க்குள் 40 சதவீதமாக்க வேண்டும். கோடையில் நகர மையத்தின் வெப்பத்தை 4 டிகிரி குறைக்கலாம் என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருந்தது. அதற்காக ஆண்டுக்கு 3,000 மரங்கள் நடுவது என்று முடிவானது.

3,000 என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஒரே நாளில் லட்சம் கன்று என்று செய்தி படித்துப் பழகிய கண்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் இவை ஒவ்வொன்றும் இடம் பார்த்து, குழி வெட்டி, மண் மாற்றி, நட்டபின் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றப்படும் மரங்கள். 20 ஆண்டுகளில் 60,000. இறக்கப்போகும் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டுக்கு மேல்.

கணக்கில் தாண்டிவிட்டாலும் நிழலில் தாண்ட முடியுமா என்பது வேறு கேள்வி. பதினைந்து மீட்டர் விரிந்த ஒரு எல்மின் நிழலை, ஒரு மீட்டர் விரிந்த கன்றுகளைக்கொண்டு ஈடுகட்ட வேண்டுமானால் இருநூறுக்கும் மேல் வேண்டும். விட்டத்தை வர்க்கமாக்கிப் பார்த்தாலே தெரியும். இதனால்தான் இறக்கும் மரத்துக்கு இறக்கும்போது மாற்று நடுவது தாமதமான வேலை. முன்கூட்டியே நட்டிருக்க வேண்டும். அந்த முன்கூட்டிய காலத்தைத்தான் ஆயுள் கணக்கெடுப்பு வாங்கித் தந்தது.

இரண்டாவது இலக்கு வகைகள் பற்றியது. அமெரிக்கத் தாவர மரபியலாளர் ஃபிராங்க் சாந்தமூர் 1990இல் ஒரு விதியைச் சொன்னார். ஒரு நகரத்தின் மரங்களில் எந்த ஒரு இனமும் 10 சதவீதத்துக்கு மேல், எந்த ஒரு பேரினமும் 20 சதவீதத்துக்கு மேல், எந்த ஒரு குடும்பமும் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அந்த விதி. அமெரிக்கா இதைக் கற்றுக்கொண்டது பட்டுத்தான். எல்ம் நோய் தெருக்களை மொட்டையாக்கியபின், பல நகரங்கள் அந்த இடத்தில் ஆஷ் மரத்தை வரிசையாக நட்டன. 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகதப் பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதே தெருக்கள் இரண்டாம் முறையும் மொட்டையாயின.

மெல்பர்ன் இந்த விதியை இன்னும் இறுக்கியது. இனத்துக்கு 5 சதவீதம், பேரினத்துக்கு 10, குடும்பத்துக்கு 20. நகரம் முழுவதற்குமான வரம்பு இது. ஒரு தெருவில் ஒரே வகை வரிசை இருப்பதை இது தடுப்பதில்லை. ஆனால் எல்மும் பிளேனும் யூக்கலிப்டஸுமே ஆட்சி செய்யும் ஊரில் 5 சதவீதம் என்பது எவ்வளவு கடினமான வரம்பு என்று யோசித்துப் பாருங்கள். நகர மையத் தெருக்களில் நிற்பவை பெரும்பாலும் பிளேன் மரங்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. 1980களிலிருந்து ராப் ஆடம்ஸ் தலைமையிலான நகர வடிவமைப்புக் குழு நடைபாதைகளை அகலமாக்கி, ‘புளூஸ்டோன்’ எனும் கருநிறக் கல் பதித்து, நடுவே பிளேன் நட்டது. கார்கள் நிறைந்த அந்த மையம் நடக்கத் தகுந்த இடமாக மாறியதில் அந்த மரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. புகை, கவாத்து, இறுகிய மண் எல்லாவற்றையும் தாங்கும் மரம் அது. வசந்தகாலத்தில் அதன் காய்களிலிருந்து பறக்கும் மெல்லிய பூவிழைகளால் கண் எரிச்சல், தும்மல் என்று புகார் வராத ஆண்டும் இல்லை. நல்ல மரமே ஆனாலும் மிகுதியாகிவிட்டால் பலவீனம்தான்.

மாற்றாக எதை நடுவது? உள்நாட்டு மரங்களையே நடுங்கள் என்று ஒரு தரப்பு. இது ஐரோப்பியத் தோட்ட நகரம், அதன் முகத்தை மாற்றாதீர்கள் என்று ஒரு தரப்பு. இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஆனால் இன்று நடும் கன்று முதிர்ந்த மரமாகும்போது மெல்பர்னின் வெப்பம் இன்றைய வெப்பமாக இருக்காது. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கையிலெடுத்து, நகரத்தின் ஒவ்வொரு மரவகையும் உலகில் எந்தெந்த வெப்பநிலையில் வளர்கிறது என்று ஒப்பிட்டு, 2016இல் அறிக்கை தந்தார்கள். இப்போது நன்றாக வாழும் பல வகைகள் வரும் வெப்பத்தில் தடுமாறும் என்றது அது. உள்நாட்டு வகைகளுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். மண்ணின் மரம் என்பதாலேயே அது தப்பிவிடாது என்பது பலருக்குக் கசந்தது. எனக்கு அது நேர்மையான பதிலாகப் படுகிறது.

மண்ணுக்குள் நடந்த வேலை

மேலே தெரியும் நடவைவிடக் கீழே தெரியாத வேலைக்குத்தான் செலவும் யோசனையும் கூடுதல். வறட்சி கற்றுத்தந்த பாடம் இது: நகரத்தில் தண்ணீர் இல்லாமல் இல்லை, அது மரத்துக்குப் போவதில்லை. கூரையிலும் தாரிலும் விழும் மழை அப்படியே வடிகால் வழியாக யாரா ஆற்றுக்குப் போய், கூடவே எண்ணெயும் குப்பையும் கொண்டுபோகிறது.

ஃபிட்ஸ்ராய் தோட்டத்தில் பழைய பராமரிப்புக் கிடங்கு இருந்த பகுதியைச் சீரமைத்தபோது, வடிகால் நீரைத் திருப்பிப் பிடித்து, வண்டல் நீக்கி, நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்தார்கள். தொட்டிக்கு மேலே தோட்டம். கோடையில் மரங்களுக்கு அந்த நீர்தான். ஈஸ்ட் மெல்பர்னில் டார்லிங் தெருவிலும் இதே முறை. தெருக்களில் இன்னும் எளிய வழிகள்: நடைபாதை விளிம்பில் சிறு திறப்பு வைத்து, சாலையில் ஓடும் நீரை மரக்குழிக்குள் விடுவது. நீர் இறங்கும் கற்களைப் பதிப்பது. பெரிய சல்லிக்கற்களுக்கிடையில் மண் நிரப்பி, மேலே வண்டி போனாலும் கீழே வேர் ஓட இடம் விடுவது. பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. சாலைப் பிரிவும் வடிகால் பிரிவும் மரப் பிரிவும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். எந்த ஊரிலும் கடினமான பகுதி அந்த ‘அவ்வளவுதான்’ என்பதுதான்.

பொது இடமே புதிதாக உருவான இடங்களும் உண்டு. ரயில் தண்டவாளங்கள் கிடந்த ஆற்றங்கரை நிலம் 2002இல் பிரரங் மார் என்ற பூங்காவானது. சவுத்பேங்கில் தேவைக்கு மேல் அகலமாக இருந்த ஒரு சாலையைக் குறுக்கி, அந்த நிலத்தில் 2.5 ஹெக்டேர் பொதுவெளி எடுத்தார்கள். கோபுர வீடுகள் நெருங்கிய அந்தப் பகுதியில் புதிதாக நிலம் வாங்கிப் பூங்கா அமைக்க வழியே இல்லை. சாலை ஏற்கெனவே மாநகராட்சியுடையது. அதிலிருந்து எடுப்பது ஒன்றே வழி.

உயிரோடிருக்கும் மரத்தை வெட்டுவது

இந்தத் திட்டத்தின் மிக வலியான பகுதி இதுதான். கார்ல்டனில், மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள யுனிவர்சிட்டி சதுக்கத்தில் வரிசையாக நின்ற எல்ம்கள் வறட்சிக்குப்பின் தேறவில்லை. அங்கே இரண்டு வழிகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சாகும்போது அதனதன் இடத்தில் ஒரு கன்று நடலாம். ஆனால் பெரிய மரங்களின் நிழலில் அந்தக் கன்றுகள் ஒளி இல்லாமல் கோணி வளரும், வரிசையும் குலையும். அல்லது பகுதி பகுதியாக எடுத்துவிட்டு, புதிய திட்டத்தோடு பல வகை மரங்களை நடலாம். மாநகராட்சி இரண்டாவதையே தேர்ந்தது. சதுக்கத்தைச் சுற்றிய தெருக்களில் கொஞ்சம் பிடுங்கிப் பூங்காவை விரித்து, மழைநீர் சேமிப்பையும் அடியில் அமைத்தது.

எதிர்ப்பு வந்தது, வரத்தான் வேண்டும். பச்சை இலையோடு நிற்கும் மரத்தை அதிகாரி ஒருவர் ‘ஆயுள் முடிந்தது’ என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். கட்டுமான நிறுவனங்கள் சொல்லும் அதே வார்த்தைகள் அல்லவா? மாநகராட்சியைக் காப்பாற்றியது முன்பே வெளியிட்ட அந்த வரைபடம். ஒரு திட்டம் வந்தபின் அந்த மரம் நோயாளியாக்கப்படவில்லை. பல ஆண்டுகளாக எல்லோர் பார்வையிலும் அது நோயாளியாகவே இருந்தது. இருந்தாலும், நிழல் திரும்ப இருபது ஆண்டு ஆகும் என்பதை எழுபது வயதுப் பெண்மணியிடம் எந்த வரைபடமும் ஆறுதலாகச் சொல்லிவிட முடியாது. அந்த இழப்பு உண்மையானது. திட்டத்தின் பக்கம் நிற்பவர்களும் அதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும்.

மரங்களுக்கு வந்த கடிதங்கள்

2013இல் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் அடையாள எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். கிளை முறிந்தது, பட்டை உரிந்தது என்று புகார் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்பதே நோக்கம். மக்கள் மரத்துக்கே கடிதம் எழுதத் தொடங்கினார்கள். தினமும் கடந்துபோகும் எல்முக்கு நன்றி, வறட்சியில் வாடிய மரத்துக்கு ஆறுதல், வெளிநாட்டிலிருந்துகூட நலம் விசாரிப்பு. மாநகராட்சி ஊழியர்கள் பலவற்றுக்குப் பதிலும் எழுதினார்கள், சில சமயம் மரமே பேசுவதுபோல. 2015 வாக்கில் இது உலகச் செய்தியானது.

வேடிக்கைச் செய்தியாகவே இதைப் பலர் படித்தார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. மாநகராட்சி மரத்தைத் தெருவிளக்குக் கம்பம்போல ஒரு சொத்தாகப் பதிவு செய்து எண் கொடுத்தது. மக்கள் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு அதை ஓர் உயிராக நடத்தினார்கள். திட்டத்துக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்படுவதற்கு இந்தப் பாசம் கொடுத்த பலம் சிறிதல்ல. ‘குடிமக்கள் வனக்காவலர்’ என்ற பெயரில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மரக் கணக்கெடுப்பிலும் ஆய்விலும் இறங்கினார்கள்.

வெட்டுபவர் தரவேண்டிய விலை

பாசம் மட்டும் காப்பாற்றாது என்பதும் மாநகராட்சிக்குத் தெரிந்திருந்தது. கட்டட வேலைக்காக ஒரு பொது மரத்தை அகற்ற வேண்டுமானால், முதலில் வடிவமைப்பை மாற்றி மரத்தைக் காக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் அகற்றும் செலவோடு மரத்தின் மதிப்பையும் செலுத்த வேண்டும். அடிமரத்தின் பருமனில் தொடங்கி, வகை, தோற்றம், நிற்கும் இடம், உடல்நிலை என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு அந்த மதிப்பு வருகிறது. அது தரும் சூழல் சேவையும் அந்த இடத்தில் மீண்டும் பசுமையாக்கும் செலவும் தனி. பக்கத்தில் வேலை நடந்தாலே பிணைத்தொகை கட்ட வேண்டும். இப்படிப் பார்த்தால் ஒரு பெரிய மரத்தின் விலை பல பத்தாயிரம் டாலர்கள் ஆகும். ஒப்பந்தக்காரர் குழாய் பதிக்கும்போது வேரை வெட்டாமல் சுற்றிப்போக யோசிப்பது அப்போதுதான். நம் மாநகராட்சிகள் இதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். மாற்றாகப் பத்துக் கன்று நட வேண்டும் என்ற நிபந்தனையில் கன்றுகள் எங்கே, எத்தனை பிழைத்தன என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பணம் என்றால் பார்ப்பார்கள்.

கைக்கு எட்டாதவை

40 சதவீதம் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. அதற்குக் கன்றுகள் வளரும் வேகம் ஒரு காரணம். மாநகராட்சியின் கை எட்டாத இடங்கள் மற்றொரு காரணம். மெட்ரோ சுரங்கப்பாதை மாநில அரசின் திட்டம். 2017 தொடங்கி செயின்ட் கில்டா சாலையில் நிலையம் தோண்டியபோது பெரிய மரங்கள் பல போயின. மாநிலத் திட்டம் என்றால் மாநகராட்சி வாதாடலாம், தடுக்க முடியாது. தனியார் நிலத்தில் நிலைமை இன்னும் கடினம். சிறப்புவாய்ந்த தனியார் மரங்களுக்கென ஒரு பதிவேடு திறந்து சட்டப் பாதுகாப்பு தந்தார்கள். 2017இல் ஒரு நிதியம் தொடங்கி, கூரைத் தோட்டமும் பசுமைச் சுவரும் அமைப்பவர்களுக்கு உதவினார்கள். ஆனாலும் அடித்தளம் எல்லைக்கோடு வரை விரியும் கோபுரக் கட்டடத்தில் மரத்துக்கு மண் எங்கே?

சில இழப்புகளுக்குத் திட்டமே கிடையாது. அரச தாவரவியல் தோட்டத்தில் ‘பிரிவினை மரம்’ என்ற ஒரு ரிவர் ரெட் கம் வகை யூக்கலிப்டஸ் நின்றது. ஐரோப்பியர் வருமுன்பே பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தது. நியூ சவுத் வேல்ஸிலிருந்து விக்டோரியா தனியாகப் பிரியும் செய்தியை 1850 நவம்பரில் நகர மக்கள் கூடிக் கொண்டாடியது அதன் கீழேதான். 2010இல் யாரோ அதன் பட்டையைச் சுற்றி வெட்டினார்கள். தோட்டக்காரர்கள் பட்டை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றப் பார்த்தார்கள். 2013இல் மறுபடியும் வெட்டப்பட்டது. 2015இல் மரம் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் காகித ஆலைகளுக்காகச் சில ஆண்டுகளுக்கொருமுறை வெட்டப்படும் தைலமரங்களில் இந்த வகையும் உண்டு. விட்டுவைத்தால் எத்தனை தலைமுறை நிற்கும் என்பது நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

மையத்தைத் தாண்டிப் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பெருநகரத்தின் கிழக்குப் புறநகர்களில் மழையும் மரமும் அதிகம். மேற்கே எரிமலைக் கற்சமவெளி. மழை குறைவு, கோடையில் வெடிக்கும் களிமண், இயல்பிலேயே புல்வெளி நிலம். டார்னீட், ட்ருகனினா போன்ற புதுக் குடியிருப்புகள் இங்கேதான் எழுகின்றன. தமிழர் உட்பட இந்தியத் துணைக்கண்டத்துக் குடும்பங்கள் ஏராளமாக வீடு வாங்கியிருப்பதும் இங்கேதான். வீடு மனையை முழுதாக நிறைக்கிறது, கறுப்புக் கூரைகள் நெருங்கி நிற்கின்றன, வாசலில் ஒரு ஒல்லிக் கன்று. 2019இல் பெருநகரத்தின் உள்ளாட்சிகள் சேர்ந்து ‘லிவிங் மெல்பர்ன்’ என்ற பொதுத் திட்டத்தை வெளியிட்டன. மேற்கில் ஐந்து லட்சம் மரங்கள் நடும் வேலையை மாநில அரசும் தொடங்கியது.

கன்று வாங்குவதோடு செலவு முடிவதில்லை. நட்டபின் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் லாரியும் அனுப்ப வேண்டும். மையத்து மாநகராட்சிக்கு அலுவலகக் கோபுரங்களின் வரியும் வாகன நிறுத்தக் கட்டணமும் இருக்கின்றன. மேற்கில் இருப்பது வேகமாகப் பெருகும் மக்கள்தொகையும், இன்னும் போட வேண்டிய சாலைகளும்தான். மெல்பர்ன் மாதிரியை வேறு ஊருக்கு எடுத்துச்செல்ல விரும்புகிறவர்கள் முதலில் விடை தேட வேண்டியது அந்தத் தண்ணீர் லாரிக்குத்தான்.